ஒரே வயிறு, இரண்டு பாஸ்போர்ட்

(கோவையில் ஒரு நூலகத்தின் மாலைக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசச் சொல்லி நூலகத்தார் கேட்டபோது தயங்கினேன். சாயங்கால நேரத்தில், அதுவும் மார்கழி பிறக்கப்போகும் சமயத்தில், தாயும் தகப்பனும் ஒரே நாளில் போய்விட்ட கதையை எடுக்காதே என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் இந்த அரங்குக்குள் நுழைந்து ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று பேர் செல்போனை நீட்டிப் பேரக்குழந்தையின் படத்தைக் காட்டிவிட்டார்கள். ஒன்று நியூஜெர்சி, ஒன்று துபாய், இன்னொன்று மெல்போர்ன். ஆகவே பேசத்தான் வேண்டும்.

என் மேஜைக்கு வந்த ஒரு மஞ்சள் பையிலிருந்து தொடங்குகிறேன். அடையாளம் தெரியாதபடி கலைத்துத்தான் சொல்கிறேன். இரண்டு மூன்று குடும்பங்களின் கதை இதில் ஒன்றாகக் கலந்திருக்கிறது.

ஈரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர். வயது எழுபதை ஒட்டி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அடுக்கினார். ரேஷன் கார்டு, மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், குடும்பப் புகைப்படம், கோயில் விபூதிப் பொட்டலம், கடைசியாக ஒரு 100 ரூபாய் முத்திரைத் தாள். அதில், “என் மகனும் மருமகளும் காலமாகிவிட்டபடியால் என் பேரன் பேத்திக்கு நானே கார்டியன்” என்று எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டிருந்தார்.

“ஏனுங்க வக்கீலய்யா, இதைக் காட்டினா கொழந்தைகளை அனுப்பிருவாங்களா?”

டெக்சாஸில், டல்லாஸ் நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில் விபத்து. முன்னிருக்கையில் இருந்தவர்கள் இல்லை. பின்னிருக்கையில் பெல்ட் போட்டிருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். பேத்திக்குப் பதினொன்றரை வயது, ஈரோட்டில் பிறந்தவள். பேரனுக்கு நான்கு, அங்கேயே பிறந்தவன். இருவரும் மகனின் நண்பர் வீட்டில் இருந்தார்கள்.

அந்தத் தாளை என்ன செய்வது? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இது செல்லாது என்று சொல்ல எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிற விஷயம் இது: அப்பா அம்மா போனால் தாத்தா பாட்டி. சமூகத்தில் உண்மைதான். சட்டத்தில் அப்படி இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். இயற்கைப் பாதுகாவலர் என்று அது சொல்வது தகப்பனை, அவருக்குப் பிறகு தாயை. அங்கேயே பட்டியல் முடிந்துவிடுகிறது. தாத்தா என்ற சொல்லே அந்த வரிசையில் கிடையாது. இருவரும் இல்லையென்றால், அவர்கள் உயிலில் யாரையாவது நியமித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் நியமிக்க வேண்டும். வக்கீல்கள் நாங்கள் அதை ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’ என்போம். கோர்ட் வராந்தாவில் இந்த நாலெழுத்தைக் கேட்டால், எங்கோ ஒரு குழந்தைக்காக யாரோ வாய்தாவுக்கு அலைகிறார்கள் என்று அர்த்தம்.

“அப்ப ஈரோட்டுக் கோர்ட்டுல போட்டுரலாமுங்களா?” என்றார் பெரியவர். போடலாம். ஆனால் அந்த 1890 சட்டம், குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது. குழந்தைகள் தூங்கி எழுந்தது டல்லாஸில். அமெரிக்காவிலும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட ஒரு பொதுச் சட்டம் இருக்கிறது. குழந்தை கடைசியாக ஆறு மாதம் எந்த மாநிலத்தில் இருந்ததோ அந்த மாநில நீதிமன்றத்துக்கே முதல் உரிமை என்கிறது அது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டமும் அவர்களுடைய புதுச் சட்டமும் இந்த ஒரு இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன. தாத்தா எங்கே இருக்கிறார் என்பதை இரண்டுமே முதலில் கேட்பதில்லை.

டெக்சாஸ் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். பெற்றோர் யாரையும் எழுதிவைக்காமல் போயிருந்தால், நேர்வழியில் மிக நெருங்கிய மூத்தவருக்குத்தான் பாதுகாவலர் உரிமை என்கிறது அது. அதாவது தாத்தா பாட்டிதான்! நம் சட்டத்தில் இல்லாத இடம் அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. பெரியவரிடம் சொன்னபோது முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அந்த வரியிலேயே ஒரு முள்ளும் உண்டு. ஒரே தூரத்தில் பலர் இருந்தால், குழந்தையின் நலன் பார்த்து நீதிமன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். கொங்கு நாட்டில் நமக்குத் தந்தைவழி அப்பாரு வேறு, தாய்வழி அப்புச்சி வேறு. தந்தைவழி அப்பத்தா வேறு, தாய்வழி அம்மிச்சி வேறு. அந்தச் சட்டத்துக்கு நால்வரும் ஒரே படி. பெரியவர் என்னிடம் வந்த அதே வாரத்தில், மருமகளின் தாயார், அந்த அம்மிச்சி, கரூரில் இன்னொரு வக்கீலைப் பார்த்திருந்தார்.

வெளிநாட்டில் இருப்பவர் பாதுகாவலராக வேண்டுமென்றால், கோர்ட் தாக்கீதுகளை வாங்கிக்கொள்ள அந்த மாநிலத்தில் வசிக்கும் ஒருவரைத் தன் பிரதிநிதியாக நியமித்திருக்க வேண்டும் என்றும் அங்கே விதி. இங்கிருந்து போகும் ஒவ்வொரு சான்றிதழிலும் மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. பெரியவர் அதை ‘அப்போஸ்தலர் முத்திரை’ என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

கோர்ட் விஷயம் இவ்வளவுதான். இதைவிடக் கடினமானது இனிமேல்தான் வருகிறது.

குழந்தை யாருடைய கையில் என்பது ஒரு கேள்வி. எந்த மண்ணில் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்வது மாநில நீதிபதி. இரண்டாவதற்குப் பதில் சொல்வது அமெரிக்க மத்திய அரசின் குடியேற்றத் துறை. நீதிபதி எவ்வளவு மனமிரங்கி ஆர்டர் போட்டாலும் அதை வைத்து விசா வாங்க முடியாது. விசா அதிகாரி குழந்தையை யாருக்கும் ஒப்படைக்க முடியாது. இந்த இரண்டு கதவுக்கும் சாவி வேறு வேறு என்பது தெரியாமல் ஒரு சாவியை வைத்துக்கொண்டு இரண்டையும் திறக்கப் பார்த்து, மாதக்கணக்கில் தொலைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவும் தம்பியும் அங்கேதான் பிரிகிறார்கள்.

தம்பி அமெரிக்கக் குடிமகன். அந்த நாட்டு அரசமைப்பின் 14ஆவது திருத்தம், 1868இல் வந்தது, அங்கே பிறந்தவனை அப்படி ஆக்கியது. அவனை யாரும் அங்கிருந்து அனுப்ப முடியாது. ஆனால் அப்பாரைப் பார்க்க ஈரோட்டுக்கு வர அவனுக்கு விசா வேண்டும், அல்லது இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். அட்டைக்கு அவன் தகுதியானவன்தான். விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடுவது? பெற்றோர். அவர்கள் இல்லையென்றால், கோர்ட் ஆர்டர் கையில் உள்ள கார்டியன். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் அதற்கும் இதே கதைதான்.

அக்கா இந்தியக் குடிமகள். அவள் அங்கே இருந்தது தகப்பனின் எச்-1பி வேலை விசாவின் நிழலில், எச்-4 என்ற சார்பு விசாவில். மரம் சாய்ந்ததும் நிழலும் போயிற்று. பள்ளிக்கூடம் போகலாம், எந்த ஆவணமும் இல்லாத குழந்தையையும் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1982லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதினெட்டு வயது ஆகும்வரை சட்டவிரோதத் தங்கல் நாட்கள் அவள் கணக்கில் ஏறாது. அதாவது அவளை யாரும் துரத்தவில்லை. ஆனால் அவளுக்கென்று ஒரு நாற்காலியும் போடவில்லை.

1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உடன்படிக்கையின் 37ஆவது பிரிவு, ஒரு நாட்டின் மைனர் குடிமகனுக்கு வேறு நாட்டில் பாதுகாவலர் நியமிக்க வேண்டியிருந்தால், அந்தக் குழந்தையின் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. டெக்சாஸுக்கு ஹூஸ்டனில் இருக்கும் நம் துணைத் தூதரகம். அந்தப் பிரிவின்படி அமெரிக்க அதிகாரிகள் அங்கே அக்காவைப் பற்றித்தான் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். தம்பி நம் கணக்கில் இல்லை. ஒரே காரின் பின்னிருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்!

பேத்தி அங்கேயே இருக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1990இல் உருவாகி 2008இல் விரிவாக்கப்பட்ட ஒரு ஏற்பாடு உண்டு. பெற்றோரால் கைவிடப்பட்ட, கொடுமைப்படுத்தப்பட்ட, அல்லது அதற்கு ஒப்பான நிலையில் பெற்றோருடன் சேர முடியாத மைனருக்கானது. மாநில நீதிமன்றம் அப்படி ஒரு முடிவை எழுதித் தந்தால், அதை வைத்துக் குடியேற்றத் துறையில் மனுப் போடலாம். மரணம் அந்த ‘ஒப்பான நிலை’க்குள் வருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வாதிட்டு வாங்க வேண்டியது. ஆகவே கார்டியன் மனுவை எழுதுகிற வக்கீலுக்குக் குடியேற்றச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை ஆர்டரில் கேட்டு வாங்க மறந்துவிட்டால் இரண்டாவது தடவை கோர்ட் ஏற வேண்டும்.

இன்னொரு வழி 2009 அக்டோபரில் சட்டமானது. தகப்பனுக்காக அவர் கம்பெனி கிரீன் கார்டு மனு போட்டிருந்து, அவர் இறந்துபோனால், அந்த மனுவின் பலன் உயிரோடிருக்கும் குழந்தைக்குத் தொடர இடமுண்டு. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் ‘ஐ-140 அப்ரூவ் ஆயிருச்சு, வரிசையில நிக்கிறோம்’ என்பார்களே, அந்த மனுதான். ஒரு நிபந்தனை: இறப்பு நேர்ந்தபோது குழந்தை அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும், அதன் பிறகும் அங்கேயே வசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நமக்கு மரணம் என்றால் முதல் எண்ணம் என்ன? உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நம் தூதரகங்களில் 2009 முதல் ஒரு நல நிதி இருக்கிறது, இல்லாதவர்களுக்கு உதவுவார்கள். உடல்களோடு குழந்தைகளையும் அதே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவோம், தகப்பனுக்குக் கொள்ளிவைக்க மகன் இருக்க வேண்டாமா என்பார்கள். நெஞ்சுக்கு நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்த விமானத்தில் ஏறிய நிமிஷத்திலிருந்து அக்காவுக்குத் திரும்பிப் போக விசா இல்லை. எட்டாம் நாள் காரியத்துக்குள் எடுத்த முடிவை எட்டு வருஷம் கழித்தும் மாற்ற முடியாமல் போகலாம். குழந்தையை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பல குழந்தைகளுக்கு ஊர் திரும்புவதுதான் நல்லது. முதல் வாரத்தில் முடிவெடுக்காதீர்கள் என்று மட்டும் போனில் அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் சொல்வேன். என்னைக் கல்நெஞ்சன் என்று திட்டியவர்கள் உண்டு.

பெரியவர் அமெரிக்கா போக விசிட்டர் விசா. அவசர நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். போய்த் திரும்பிவிடுவேன் என்று அதிகாரியை நம்பவைத்தால்தான் அந்த விசா. அவர் என்னிடம் ஒத்திகை பார்த்தார். “எதுக்குப் போறீங்கன்னு கேட்டா, பேரன் பேத்திய வளர்க்கப் போறேன்னு சொல்லுட்டுங்களா?” சொல்லாதீர்கள் என்றேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. அழைத்துவரத்தான் போகிறார் என்பது உண்மை. ஆனால் ‘வளர்க்க’ என்ற ஒரு சொல் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ‘அங்கேயே தங்க’ என்று விழும்.

கார்டியனாக வேண்டாம், அங்கே குடியுரிமை வாங்கிய சித்தப்பா இருக்கிறாரே, அவர் ஸ்பான்சர் செய்யலாமே என்பார்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் அண்ணன் மகளுக்கு மனுப் போடும் பிரிவே கிடையாது. தத்தெடுக்கலாம், அதற்குப் பதினாறு வயதுக்குள் என்று ஒரு வரம்பு, இரண்டு வருஷம் கூட வசித்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. தம்பிப் பயல்? இருபத்தொன்று ஆனதும் அக்காவுக்கு மனுப் போடலாம். அதற்குப் பதினேழு வருஷம் இருக்கிறது. உடன்பிறந்தோர் பிரிவில் இந்தியர்களுக்கான வரிசை பதினைந்து வருஷத்துக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவள் நாற்பதைத் தாண்டியிருப்பாள்.

சற்று எதிர்ப்பக்கமிருந்து பார்க்கலாம். நம் நாட்டில் அநாதையான ஒரு வெளிநாட்டுக் குழந்தையை நீங்கள் எல்லோரும் டி.வி.யில் பார்த்திருக்கிறீர்கள். 2008 நவம்பர், மும்பை நாரிமன் இல்லம். இரண்டு வயது மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் அவனைப் பார்த்துக்கொண்ட ஆயா சாண்ட்ரா சாமுவேல், இந்தியர். பெற்றோர் இருவரும் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டார்கள். தாய்வழித் தாத்தா பாட்டி இஸ்ரேலிலிருந்து வந்து அழைத்துப்போனார்கள். குழந்தை ஆயாவை விட்டு இறங்க மறுத்தது. அவரும் கூடவே போனார். இஸ்ரேல் அவரை அங்கே வாழ அனுமதித்து, 2010இல் கௌரவக் குடியுரிமையும் தந்தது. இரத்த உறவே இல்லாதவர். ஓர் அரசு மனம்வைத்தால் தாளும் முத்திரையும் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு அது சாட்சி. நெடுஞ்சாலை விபத்துக்கு எந்தப் பிரதமரும் இறங்கிவர மாட்டார்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். யாரும் சபையில் பேச மாட்டார்கள் என்பதால். தகப்பனின் கம்பெனி இன்ஷூரன்ஸ் தொகையை மைனர் கையில் தர மாட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கார்டியன் வேறு, குழந்தையின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்டியன் வேறு. ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம், ஆனால் கோர்ட் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இறந்த தொழிலாளியின் பிள்ளைகளுக்கு அங்கே மாதாமாதம் சமூகப் பாதுகாப்புத் தொகை உண்டு. தம்பி குடிமகன் என்பதால் இந்தியாவுக்கு வந்த பிறகும் பெறலாம். அக்காவுக்கு, நாட்டை விட்டு ஆறு மாதம் கடந்தால் பொதுவாக நின்றுவிடும். விதிவிலக்குகள் உண்டு, கேட்டுப் பெற வேண்டும். தபால்காரர் ஒருவனுக்கு மட்டும் கவர் கொண்டுவருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலும் சிக்கல் உண்டு. மகன் பெயரில் பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டுமனை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த மகனின் முதல் நிலை வாரிசுகளில் அவன் பிள்ளைகளும் உண்டு, அவனைப் பெற்ற தாயும் உண்டு. தகப்பன் இரண்டாம் நிலை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் குழந்தைகள் பெயருடன் அப்பத்தாவின் பெயரும் வரும். அப்பத்தாவே கார்டியன் ஆனால், ஒரே மனையில் தனக்கும் பங்கு, தான் காக்க வேண்டிய குழந்தைக்கும் பங்கு. பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மைனர் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான். “எம் மவன் மனைய நான் விக்க ஜட்ஜு எதுக்கு?” என்று அந்த அம்மாள் கேட்டபோது அதில் கள்ளம் இல்லை. அது மகனின் மனை என்பது அவருக்கு நேற்றுப்போல. சட்டத்துக்கு அது ஏற்கெனவே குழந்தைகளுடையதும்கூட.

கிழவர்களால் குழந்தை வளர்க்க முடியாது என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். கொரோனாவில் 2021இல் ஒரு மாத இடைவெளியில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த அகமதாபாத்துச் சிறுவன் வழக்கில், தாத்தா பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஓய்வூதியத்தை நம்பியிருக்கிறார்கள், தாயின் சகோதரிக்கு அரசு வேலை இருக்கிறது என்று பார்த்து உயர் நீதிமன்றம் குழந்தையை அவரிடம் கொடுத்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. வருமானமும் வயதும் மட்டுமே தராசு ஆகாது என்ற அந்த முடிவை நான் மனதார ஏற்கிறேன்.

ஈரோட்டுக் கதை என்ன ஆயிற்று? வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பேத்திக்குப் பன்னிரண்டு வயது ஆனது. டெக்சாஸ் சட்டப்படி பன்னிரண்டு நிறைந்த குழந்தை தன் பாதுகாவலரைத் தானே எழுத்தில் தேர்ந்தெடுக்கலாம். நீதிபதி ஒப்ப வேண்டும். அதுவரை இரண்டு வீட்டாரும் வக்கீல்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு நோட்டுத் தாளில் அம்மிச்சியின் பெயரை எழுதினாள். காரணமும் எழுதியிருந்தாள்: தம்பிக்கு இரவில் அம்மிச்சி பேசினால்தான் தூக்கம் வரும், தினமும் போனில் பேசிப் பழக்கம். அப்பாருக்கு அது பெரிய அடி. மூன்று நாள் என் போனை எடுக்கவில்லை. பிறகு அவரே கரூருக்குப் போய்ச் சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு விசா நேர்காணலுக்குச் சென்னை போனார். இப்போது குழந்தைகள் கரூரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாரு வீடு. ஓ.சி.ஐ. அட்டை வந்தபோது பையன் அதை மாட்டுத் தொழுவம் வரைக்கும் காட்டிக்கொண்டு திரிந்தானாம்.

இத்தனைக்கும் தேவைப்பட்டிருக்கக்கூடியது ஒரே ஒரு பக்கம். நம் சட்டப்படி உயிலில் கார்டியனை நியமிக்கலாம், இரண்டு சாட்சிகள் போதும், முத்திரைத் தாள்கூடத் தேவையில்லை. டெக்சாஸில் பெற்றோர் எழுதி இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்ட பிரகடனம் செல்லும். இங்கிலாந்தில் 1989 சட்டப்படி தேதி போட்டுக் கையெழுத்திட்ட கடிதமே போதும். துபாயில் முஸ்லிமல்லாதவர்கள் 2015 முதல் அதற்கென்றே உள்ள பதிவகத்தில் உயில் பதிந்து கார்டியன் பெயரைச் சேர்க்கலாம். வளைகுடாவில் இருப்பவர்கள் இதைச் செய்யாமல் இருக்கவே கூடாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு வரிசை வேறு: தகப்பனுக்குப் பின், அவர் உயிலில் யாரையும் நியமிக்காவிட்டால், தந்தைவழித் தாத்தாவுக்கு அந்த மரபில் இடமுண்டு.

போன ஆடியில் ஒரு தம்பதி விடுமுறைக்கு வந்தபோது என் அலுவலகத்துக்கு வந்தார்கள். கூட ஐந்து வயதுப் பெண் குழந்தை, என் மேஜையில் கிடந்த பழைய வழக்குக் கட்டு நாடாவில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்து, டைப் அடித்து, சாட்சிகளாக என் குமாஸ்தாவும் எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரும் வந்து நின்றாயிற்று. யாருடைய பெயர் என்ற இடத்தில் கணவர் தன் அக்கா பெயரைச் சொன்னார். மனைவி தன் தங்கை பெயரைச் சொன்னார். ஒரு நிமிஷம் இருவரும் பேசவில்லை. “வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு நாளைக்கு வர்றோம் சார்” என்றார் அவர். ஜெராக்ஸ்காரர் கடையைப் பார்க்கப் போனார். அந்தத் தாள் இன்னும் என் மேஜை இழுப்பறையில், பெயர் போட வேண்டிய இடம் புள்ளி புள்ளியாக, அப்படியே இருக்கிறது. அவர்கள் விமானம் ஏறி நாலு மாதம் ஆகிறது.